சோபர்ட்டனில் ஒரே ஒரு தடவை காய்ச்சிய எத்தனால்

1933 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சோபர்ட்டன் என்ற சிற்றூரின் உள்ளூர்ப் பத்திரிகையான ‘சோபர்ட்டன் நியூஸ்’ வழக்கம்போல வெளியானது. அன்றைய செய்திகள் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. அச்சடித்த காகிதம்தான் வரலாற்றில் நின்றது. அமெரிக்கத் தெற்கின் பைன் மரக்கூழில் செய்த தாளில் அச்சான முதல் பத்திரிகை அது. தெற்கத்திப் பைனில் பிசின் அதிகம், அதில் செய்தித்தாள் செய்ய முடியாது என்று காகித உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். இளம் மரங்களில் பிசின் குறைவு என்று காட்டி அந்த நம்பிக்கையை உடைத்தவர் சார்லஸ் ஹெர்ட்டி என்ற வேதியியலாளர். 1932-ல் சவானா நகரில் அவர் ஒரு சோதனைக்கூடம் போட்டார். தெற்கத்திப் பைனை நம்பி முதல் செய்தித்தாள் ஆலை டெக்சாஸின் லஃப்கினில் ஓடத் தொடங்கியது 1940-ல். சோதனைக்கூடத்திலிருந்து ஆலைக்குப் போக எட்டு ஆண்டுகள். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அதே சோபர்ட்டனில், அதே பைனை நம்பி, 2007-ல் இன்னொரு முயற்சி நடந்தது. இந்த முறை காகிதத்துக்குப் பதில் கார் எரிபொருள். கிளைகள், நுனிக்கொப்புகள், அறுப்பில் மிஞ்சிய துண்டுகள் என்று காட்டிலேயே கிடந்து மக்கும் கழிவு மரத்தை எத்தனால் ஆக்குவது திட்டம். இந்தக் கட்டுரை அந்த ஆலையைப் பற்றியது.

ஊரும் அவசரமும்

மேக்கனிலிருந்து சவானாவுக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ட்ரூட்லன் கவுண்டி. மக்கள்தொகை சுமார் 7 ஆயிரம். அதன் தலைநகரான சோபர்ட்டனுக்கு ‘பத்து லட்சம் பைன்களின் ஊர்’ என்று பட்டப்பெயர். மரத்துக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பெரிய ஆலை வருகிறதென்றால் எப்படி வரவேற்பு இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆலை வந்ததற்குக் காரணம் வாஷிங்டனில் இருந்தது. 2006 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் அதிபர் புஷ், அமெரிக்கா எண்ணெய்க்கு அடிமையாகிவிட்டது என்றார். மரச்சில்லு, தட்டை, புல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை ஆறே ஆண்டுகளில் போட்டி போடக்கூடிய விலைக்குக் கொண்டுவருவது இலக்கு என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் எரிசக்தித் துறை ஆறு ஆலைகளைத் தேர்ந்தெடுத்து, மொத்தம் 38.5 கோடி டாலர் வரை மானியம் அறிவித்தது. அதில் 7.6 கோடி டாலர் வரை ‘ரேஞ்ச் ஃபியூயல்ஸ்’ நிறுவனத்துக்கு. கொலராடோவில் அலுவலகம், பின்னால் வினோத் கோஸ்லாவின் முதலீட்டு நிறுவனம். சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் கோஸ்லா. ரேஞ்சின் தலைமைச் செயல் அதிகாரியாக முதலில் இருந்த மிட்ச் மாண்டிச் ஆப்பிளில் இருந்து வந்தவர். கணினி உலகத்து ஆட்கள் விறகுத் தொழிலுக்கு வந்தது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அந்த உலகத்தில் ஒன்றரை வருஷத்தில் எதுவும் இரண்டு மடங்காகும். காட்டில் ஆகாது.

2007 நவம்பரில் சோபர்ட்டனில் பூமி பூஜை மாதிரி ஒரு விழா நடந்தது. முதல் கட்டம் ஆண்டுக்கு 2 கோடி கேலன், பிறகு 10 கோடி கேலன் என்பது வாக்கு. (ஒரு அமெரிக்க கேலன் என்பது 3.78 லிட்டர்.) 2008-லேயே உற்பத்தி தொடங்கும் என்றார்கள். ஹெர்ட்டியின் பைனுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா மாநிலம் 62.5 லட்சம் டாலர் கொடுத்தது. 2009 தொடக்கத்தில் வேளாண் துறை 8 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. தனியார் முதலீடும் 10 கோடி டாலரைத் தாண்டியது.

இதற்கிடையில் 2007 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. 2022-க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி கேலன் உயிரி எரிபொருள் புழக்கத்துக்கு வர வேண்டும், அதில் 1,600 கோடி கேலன் மரம், தட்டை போன்ற நார்ப்பொருளிலிருந்தே வர வேண்டும் என்றது அது. 2010-க்கு 10 கோடி, 2011-க்கு 25 கோடி என்று ஆண்டுவாரியாகப் படியும் போட்டிருந்தது. சட்டம் நிறைவேறிய நாளில் அந்த நார்ப்பொருள் எரிபொருளை வணிக அளவில் செய்யும் ஆலை நாட்டில் ஒன்றுகூட இல்லை.

கரி பஸ்ஸும் சோபர்ட்டன் ஆலையும்

மரத்தை எரிபொருளாக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, அமிலத்தாலோ நொதியாலோ மரநாரைச் சர்க்கரையாக உடைத்து, ஈஸ்ட்டை விட்டு நொதிக்க வைப்பது. இது புதிதே இல்லை. முதல் உலகப் போர் சமயத்தில் தெற்குக் கரோலினாவின் ஜார்ஜ்டவுனிலும் லூசியானாவின் ஃபுல்லர்ட்டனிலும் மர அறுவை ஆலைக் கழிவிலிருந்து அமில முறையில் எத்தனால் எடுத்தார்கள். ஒரு டன்னுக்குக் கிடைத்தது சுமார் 20 கேலன். போர் முடிந்ததும் ஆலைகளும் மூடின.

ரேஞ்ச் எடுத்தது இரண்டாவது வழி. மரத்தைக் குறைந்த காற்றில் அல்லது நீராவியில் கடுமையாகச் சூடாக்கினால் அது எரியாமல் வாயுவாக உடையும். முக்கியமாக கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். நம் தாத்தாக்கள் பார்த்த சங்கதிதான் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர்களில் ஓடிய கரி பஸ்ஸின் பின்னால் தொங்கிய டிரம் செய்ததும் இதே வேலையை. டிரைவர் காலையில் வந்து டிரம்மைக் கிளறி, காற்று ஊதி, வாயு வரும்வரை காத்திருந்து வண்டியை எடுப்பார். பஸ் அந்த வாயுவை அப்படியே எரித்துவிட்டது. சோபர்ட்டனில் அதைச் சுத்தம் செய்து, அழுத்தி, வினையூக்கியின் மேல் செலுத்தித் திரவச் சாராயமாக மாற்ற வேண்டும்.

அந்தக் கடைசிப் படியில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. இந்த வாயுவிலிருந்து மெத்தனால் செய்வது உலகமே பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலை. எத்தனால் அப்படி இல்லை. இரண்டு கார்பன்களைச் சேர்த்து அங்கேயே நிறுத்து என்றால் வினையூக்கி கேட்காது, மெத்தனாலும் மீத்தேனும் பெரிய சாராயங்களும் கலந்து வரும். கலவையைப் பிரிக்க வேண்டும், மெத்தனாலைத் திருப்பி அனுப்பி இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தம், வெப்பம், பணம்.

ஆனால் அதற்கும் முன்பே ஒரு தடை காத்திருந்தது.

உலையின் வாய்

ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போதுதான் வெட்டிய பைனில் எடையில் பாதி தண்ணீர். காட்டுக் கழிவில் தண்ணீரோடு மண்ணும் வரும். வெட்டிய கொப்புகளைத் தரையில் இழுத்துக் குவிக்கும்போது ஒட்டிக்கொள்ளும் மணல், ஊசியிலை, மரப்பட்டை எல்லாம் சில்லோடு சேர்ந்தே லாரியில் ஏறும். மணலில் உள்ள சிலிக்காவும் பட்டையில் உள்ள பொட்டாசியமும் உலைச் சூட்டில் சேர்ந்து உருகிக் கண்ணாடிக் கட்டியாகும். காகித ஆலை தண்டை எடுத்துக்கொண்டு பட்டையை உரித்துத் தள்ளுவது சும்மா இல்லை.

அடுத்தது கன அளவு. காய்ந்த மரச்சில்லு ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ போல இருக்கும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள வெப்பம் வேண்டுமென்றால் பத்து லிட்டர் கொள்ளளவுக்குச் சில்லு வேண்டும். டீசலைக் குழாயில் பம்ப் செய்யலாம். சில்லைக் கன்வேயர் பட்டையில் ஏற்றி, திருகுக் குழலில் தள்ளி, உள்ளே அழுத்தமும் சூடும் இருக்கும் உலைக்குள் வாயு வெளியே கசியாமல் நுழைக்க வேண்டும். சில்லு ஒரே அளவில் இருக்காது. நீளமான ஒரு குச்சி குறுக்கே விழுந்தால் அதன்மேல் மற்றவை பாலம் கட்டிக்கொள்ளும், கீழே ஒன்றும் இறங்காது. உள்ளே போனது பாதி வெந்து தார் கக்கினால் அது குழாய்ச் சுவரில் படிந்து அடைக்கும். நிறுத்து, ஆறவிடு, திற, சுரண்டு, மறுபடி சூடேற்று.

சோபர்ட்டன் ஆலை தடுமாறியதாகச் சொல்லப்படுவதும் இந்த இடத்தில்தான்: மரத்தை உலைக்குள் தொடர்ந்து செலுத்துவதில். இது அங்கு மட்டும் நேர்ந்த விபத்தும் இல்லை. 1980-களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் எட்வர்ட் மெரோ, திடப்பொருளைக் கையாளும் நாற்பதுக்கு நெருக்கமான ஆலைகளை ஆராய்ந்தார். திரவத்தையும் வாயுவையும் கையாளும் ஆலைகள் வடிவமைத்த அளவை நெருங்கி ஓட, திடப்பொருள் ஆலைகள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றியே நின்றன. அந்த ஆய்வு வெளியாகி இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் சோபர்ட்டனுக்கு மானியம் கிடைத்தது.

லாரிக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் காய்ந்த மரத்துக்கு 80 கேலன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 2 கோடி கேலனுக்கு இரண்டரை லட்சம் டன் காய்ந்த மரம், அதாவது ஐந்து லட்சம் டன் ஈர மரம். லாரிக்கு 25 டன் என்றால் ஆண்டுக்கு 20 ஆயிரம் லாரி, நாளொன்றுக்கு அறுபதுக்குச் சற்றுக் குறைவு. 10 கோடி கேலன் என்றால் நாளுக்குச் சுமார் 275 லாரி. 7 ஆயிரம் பேர் வாழும் ஒரு கவுண்டியில். காட்டில் கிடக்கும்வரை கழிவுக்கு விலை இல்லை. அதைப் பொறுக்கி, சில்லாக்கி, அறுபது கிலோமீட்டர் ஓட்டிவந்த பிறகு அதைக் கழிவு என்று சொல்வது பொருந்தாது. தினம் அறுபது லாரி வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் கழிவுக்கும் சந்தை விலை முளைத்துவிடும்.

ஒரு தடவை

2008 போனது, 2009 போனது. 2010 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த ஆண்டுக்கான நார்ப்பொருள் எரிபொருள் இலக்கை 10 கோடி கேலனிலிருந்து 65 லட்சமாக வெட்டியது. சோபர்ட்டன் ஆலை எத்தனாலுக்குப் பதில் முதலில் மெத்தனால்தான் செய்யும் என்பதும் அப்போது வெளியே வந்தது. 2010 ஆகஸ்டில் மெத்தனால் வந்தது. 2011 ஜனவரியில் ஒரே ஒரு தடவை எத்தனாலையும் காய்ச்சி இறக்கிக் காட்டிவிட்டு ஆலையை நிறுத்தினார்கள். அப்புறம் அது அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை.

2012 ஜனவரியில் ஆலை ஏலத்துக்கு வந்தது. அரசு கொடுத்ததும் உத்தரவாதம் அளித்ததும் மட்டுமே கோடிக்கணக்கில் இருக்க, போன விலை 51 லட்சம் டாலர்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது வாஷிங்டன் பக்கம். 2010-லும் 2011-லும் கணக்கில் ஏறிய நார்ப்பொருள் எரிபொருள் பூஜ்யம். இருந்தாலும் எண்ணெய் நிறுவனங்கள் அதை வாங்கிக் கலந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஈடாகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று விதி நின்றது. இல்லாத சரக்கை வாங்காததற்குப் பணம் கட்டினார்கள். 2012-க்கு முகமை 86.5 லட்சம் கேலன் என்று கணித்தது. அவ்வருடம் கணக்கில் ஏறியதோ சுமார் 20 ஆயிரம். 2013 ஜனவரியில் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கணிப்பை ரத்து செய்தது. நடக்கப்போவதைக் கணிக்க வேண்டுமே தவிர, நடக்க வேண்டும் என்ற ஆசையைக் கணிப்பு என்று எழுதக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

பிறகு 2014-ல் குப்பைக் கிடங்கிலிருந்து வரும் மீத்தேனையும் இந்த வகையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி மாறியது. அதற்குப் பின் நார்ப்பொருள் எரிபொருள் என்று கணக்கில் ஏறியதில் பெரும்பகுதி அந்த வாயுதான். மரம் எங்கும் இல்லை.

மிசிசிப்பியில் மறு ஒளிபரப்பு

ரேஞ்ச் மூடிய அதே 2011-ல் கோஸ்லாவின் ஆதரவு பெற்ற இன்னொரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. பெயர் கியார். பங்கு ஒன்று 15 டாலர், திரட்டியது 15 கோடி டாலர். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளில் கனரக எண்ணெயை உடைக்கும் முறையை மரத்தூளுக்குக் கொண்டுவருவது இவர்கள் யோசனை. சூடான வினையூக்கிப் பொடியோடு மரத்தூளைக் கலந்தால் நொடிகளில் கச்சா எண்ணெய் போன்ற ஒன்று கிடைக்கும், அதைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் சுத்திகரிக்கலாம். மிசிசிப்பி மாநிலம் 7.5 கோடி டாலர் வட்டியில்லாக் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கொலம்பஸ் நகரில் நாளொன்றுக்கு 500 டன் காய்ந்த மரம் தின்னும் ஆலை 20 கோடி டாலருக்கு மேல் செலவில் எழுந்தது.

முதல் டீசல் 2013 மார்ச்சில் வெளியே போனது. இது ரேஞ்சைவிட ஒரு படி மேல்தான், மறுக்கக் கூடாது. ஆனால் எல்லாம் ஒரு டன்னுக்கு எத்தனை கேலன் என்ற ஒற்றை எண்ணில் தொங்கியது. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் 67 கேலன் என்று இருந்தது. 2014 ஜனவரியில் ஆலை நின்றது, நவம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. அடுத்த ஜனவரியில் மாநில அரசு வழக்குத் தொடுத்தது: உண்மையான விளைச்சல் அதைவிட மிகக் குறைவு, அது தெரிந்தே கடன் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் விளைச்சல் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாகக் குற்றம் சாட்டியது. நிறுவனமும் அதன் முன்னாள் தலைவரும் குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் சமரசம் செய்துகொண்டார்கள்.

மரத்தில் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். டீசலில் ஆக்சிஜன் கிடையாது. அதை வெளியேற்ற இரண்டே வழி: கார்பனோடு சேர்த்துப் புகையாக விடலாம், அப்போது எண்ணெய் குறையும். வெளியிலிருந்து ஹைட்ரஜனைக் கொண்டுவந்து தண்ணீராக்கி விடலாம், அப்போது செலவு ஏறும். ஒரு டன்னுக்கு எத்தனை கேலன் என்ற கேள்வியின் அடியில் கிடப்பது இந்தக் கணக்கு. முதலீட்டாளர் கூட்டத்தில் ஆக்சிஜனைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்டிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஓடிய ஆலைகள்

மரத்திலிருந்து எரிபொருளே முடியாது என்று இதை வைத்து முடிவுகட்டினால் அதுவும் தப்பு. ஃபின்லாந்தின் லப்பென்ரன்டாவில் யுபிஎம் என்ற காகித நிறுவனம் 2015 ஜனவரியில் ஓர் ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 12 கோடி லிட்டர் டீசல், சோபர்ட்டன் முதல் கட்டத்துக்குச் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. மூலப்பொருள் அதே பைன், ஆனால் சில்லாக இல்லை. பைனிலிருந்து காகிதக்கூழ் எடுக்கும்போது பிசினும் கொழுப்பமிலங்களும் சேர்ந்து ‘டால் எண்ணெய்’ என்ற கருத்த எண்ணெயாக மிதந்து வரும். தெற்கத்திப் பைனில் செய்தித்தாள் செய்ய முடியாது என்று சொல்ல வைத்த அதே பிசின்தான். அது ஏற்கெனவே ஆலையில் சேர்ந்து கிடக்கிறது, திரவமாக இருக்கிறது, ஆக்சிஜனும் குறைவு. ஹைட்ரஜனைச் செலுத்தினால் டீசல். குறை ஒன்றுதான்: காகிதக்கூழ் எவ்வளவு செய்கிறார்களோ அதற்கு மேல் இந்த எண்ணெய் ஒரு சொட்டும் கிடைக்காது.

ஜார்ஜியாவிலேயே, சோபர்ட்டன் மூடிய 2011-ல், வேக்ராஸ் ஊரில் ஆண்டுக்கு ஏழரை லட்சம் டன் மர உருண்டை செய்யும் ஆலை திறந்தது. உலர்த்தி, பொடித்து, அழுத்தி, கப்பலேற்றி ஐரோப்பிய மின்நிலையங்களுக்கு அனுப்பும் வேலை, வேதியியல் வித்தை எதுவும் கிடையாது. ஓடியது. கழிவைவிட நல்ல தண்டு மரமே உருண்டைக்குப் போகிறது என்ற சண்டை வேறு, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலையைப் பின்னர் வாங்கிய என்விவா நிறுவனமும் 2024-ல் திவால் பாதுகாப்புக் கேட்டது, ஆனால் அது உலை அடைத்ததால் வந்த வினை இல்லை.

அப்புறம், 2007-ல் மானியத்துக்குத் தேர்வான அந்த ஆறு திட்டங்கள். கட்டி முடிந்தவை மூன்று: சோபர்ட்டன், கன்சாஸில் அபெங்கோவா, அயோவாவில் போயட். கடைசி இரண்டும் சோளத்தட்டை போன்ற வயல் கழிவை நம்பியவை. ஒன்று 2016-ல் உரிமையாளரின் திவாலோடு கைமாறியது, மற்றது 2019-ல் உற்பத்தியை நிறுத்தியது.

இப்போது அந்த இடத்தில்

51 லட்சம் டாலருக்கு ஆலையை எடுத்தது நியூசிலாந்தில் பிறந்த லான்சாடெக். கார்பன் மோனாக்சைடைத் தின்று எத்தனால் கக்கும் பாக்டீரியாவை வளர்ப்பவர்கள். இடத்துக்கு ‘ஃப்ரீடம் பைன்ஸ்’ என்று பெயரிட்டார்கள். பைன் சில்லை வாயுவாக்கி, வினையூக்கிக்குப் பதில் பாக்டீரியாவுக்கு ஊட்டுவது அவர்கள் யோசனை. ஆனால் இவர்களின் முதல் வணிக ஆலை 2018-ல் சீனாவில், ஷோகாங் உருக்காலையின் புகையை உண்டு ஓடியது. அங்கே கார்பன் மோனாக்சைடு குழாய் வழியாகவே வந்துவிடுகிறது. உலை இல்லை, சில்லு இல்லை, தார் இல்லை.

சோபர்ட்டனில் பிறகு லான்சாடெக்கிலிருந்து பிரிந்த லான்சாஜெட் வந்தது. 2024 ஜனவரியில் திறந்த அதன் ஆலை எத்தனாலை விமான எரிபொருளாக மாற்ற அமைந்தது. ஆண்டுக்கு 90 லட்சம் கேலன் விமான எரிபொருள், கூடவே 10 லட்சம் கேலன் டீசல் என்பது திட்டம்.

எத்தனால் செய்யப் புறப்பட்ட வளாகத்துக்கு இப்போது எத்தனால் வெளியூரிலிருந்து வருகிறது. வேலிக்கு வெளியே பைன்கள் நிற்கின்றன. அறுப்பு முடிந்த இடங்களில் கொப்பும் நுனியும் முன்போலவே குவிந்து கிடக்கின்றன.